அத்தையின் அறைக்கு அப்பா வைத்த தெருக்கதவு

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அப்பாவோடு ஒரே பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வந்த நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். தம்பிதான் என்னை எழுதச் சொன்னான். "பொறந்த ஊரு, வேலை, நல்ல குணம், கடைசிக் காலம், நன்றி. அவ்வளவுதான் அக்கா. ரெண்டு பக்கத்துல முடிச்சிரு" என்றான். எனக்கு எதையும் சுருக்கிச் சொல்லிப் பழக்கமில்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். "இவ வாயத் தொறந்தான்னா அடுத்த ஷிப்டு ஆளு வந்துதான் மூடணும்" என்று அப்பாவே சொல்வார். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பந்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அப்பா பிறந்தது பேரிகையில். வானம் பார்த்த பூமி கொஞ்சம், அதில் கேழ்வரகும் கொள்ளும். அப்பாவுக்கு மீசை அரும்புவதற்கு முன்பே பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது அப்பாவும் அவருடைய ஒரே தங்கையும். அந்தத் தங்கைதான் எங்கள் அத்தை. இன்று பந்தியில் உங்கள் இலை காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கப் போகிறவர். சின்ன வயதில் அத்தைக்கு அப்பாதான் களி கிண்டிப் போட்டிருக்கிறார். "உங்கப்பன் கிண்டுன களியில கட்டிகட்டியா பச்சமாவு இருக்கும். வாயில போட்டா புஸ்ஸுனு தூள் பறக்கும். அத தின்னுதான் வளந்தேன்" என்று அத்தை இப்போதும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அத்தையைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தார் அப்பா. பிறகு அம்மாவைக் கட்டினார். ஓசூரில் ஆலைகள் வரத் தொடங்கிய நேரம் அது. பேரிகை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சூளகிரியில் ரோட்டோரமாக ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிக் குடிவந்தார். ஆலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஆபரேட்டர் ஆனார். வீட்டைச் சுற்றிலும் அப்போது கொத்தமல்லித் தோட்டங்கள்தான். காலையில் அறுப்பு நடந்தால் வீடு முழுக்க வாசம் வரும். இன்று அங்கே நின்று பார்த்தால் லாரி ஷெட்டும் வாடகை வீடுகளும்தான் கண்ணில் படும். அது கிடக்கட்டும்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது ஒரு பொங்கலுக்கு அத்தைக்குச் சீர் கொடுக்கப் போன அப்பா, சீர்த்தட்டையும் அத்தையையும் சேர்த்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. "பாப்பா இனிமே இங்கதான் இருக்கும். யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாது" என்றார். அத்தையை அப்பா கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் இன்னொரு ஆளுக்கு உலை வைத்தார். என் அம்மா அப்படிப்பட்டவர், அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு அறை, தென்பக்கம் சமையலறை. கூடத்தில் நானும் தம்பியும். அத்தை சமையலறையில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பார். அப்பாவுக்கு முதல் ஷிப்டு என்றால் விடியுமுன்னே அம்மா அடுப்பு மூட்ட வர வேண்டும். அம்மாவின் காலடி கேட்ட உடனே அத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து பாயை மடித்துவிடுவார். "படு பாப்பா, நான் ஓரமா செஞ்சுக்கறேன்" என்று அம்மா சொன்னாலும் கேட்கமாட்டார். ஒருநாள் அப்பா பல் விளக்கிவிட்டு உள்ளே வந்தபோது, தூக்கம் கலையாத கண்ணோடு, மடித்த பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்ற அத்தையைப் பார்த்தார். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அந்த வார விடுமுறையில் ஒரு மூட்டைச் சுண்ணாம்புத்தூளோடு வந்து இறங்கினார்.

அப்பா வேலை செய்த ஆலையில் தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்டிருக்குமாம். இது மிஷினுக்கு, இது ஆள் நடக்க, இது சரக்கு வைக்க. கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அந்தப் பழக்கம் அப்பாவுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அம்மாவின் துவரம்பருப்பு டப்பாவுக்குக்கூட அலமாரியில் சாக்பீஸால் இடம் குறித்துவைத்தவர். வீட்டை இழுத்துக் கட்டுவதென்று முடிவானதும், எல்லாரையும் போலத் தாளில் படம் போட அவருக்குத் தோன்றவில்லை. சமையலறைக்குத் தெற்கே இருந்த காலி இடத்தில் முளை அடித்து, நூல் கட்டி, அறையை அதன் உண்மையான அளவிலேயே சுண்ணாம்புக் கோட்டால் போட்டுவிட்டார். சுவருக்கு இரட்டைக் கோடு. கதவு வருகிற இடத்தில் கோடு கிடையாது. கட்டில் ஒரு ஓரம், துணிப்பெட்டி ஒரு ஓரம், எல்லாவற்றுக்கும் கோடு.

"இதுல நடந்து பாருங்க. எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க. கட்டுனதுக்கு அப்பறம் இடிச்சிக்கிட்டா நான் பொறுப்பில்ல" என்றார்.

கட்டுவதற்குச் சிமென்ட் வேண்டுமே! பர்மிட் வாங்கித்தான் சிமென்ட் கிடைக்கும் காலம் அது. இந்த மாதம் அடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டே போயிற்று. அதுவரை நாங்கள் அந்தக் கோட்டு வீட்டில் குடித்தனம் நடத்தினோம். அப்பா இருக்கும்போது கோட்டைத் தாண்டி நடக்க முடியாது. தம்பி பந்தை எடுக்க ஓடினால், "டேய், சொவத்து மேலயா நடப்ப? கதவு வழியா போடா!" என்று அதட்டுவார். தம்பி திரும்பி வந்து, இல்லாத கதவு வழியாக நுழைந்து, பந்தை எடுத்துக்கொண்டு அதே வழியாக வெளியே வருவான். பக்கத்து வீட்டு ஆடு மட்டும் சுவரோடு நடந்துவரும். அப்பா ஆட்டைத் திட்டமாட்டார், ஆட்டுக்காரரைத் திட்டுவார். அம்மா ஒருநாள், "ஏங்க, உங்க சொவத்துல ஒரு ஆணி அடிச்சிக் குடுங்க. கூடை மாட்டணும்" என்று கேட்டு அப்பாவையே சிரிக்க வைத்தார். மழை பெய்து கோடு கரைந்தால் அடுத்த விடுமுறைக்குள் மறுபடி போட்டுவிடுவார். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எல்லாரும் அந்த அறைக்குள் போய்வந்தோம், அத்தையைத் தவிர. யாருக்காகக் கோடு போட்டாரோ அவர் அந்தப் பக்கமே போகவில்லை. துணி உலர்த்தக் கொல்லைக்குப் போனாலும் கோட்டை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் போவார். அப்பா பார்ப்பார். கேட்கமாட்டார். கேட்கிற ஆளும் இல்லை, சொல்கிற ஆளும் இல்லை. அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பேச வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் பேசத் தெரியும்.

அப்பாவின் திட்டத்தில் அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று கிழக்கே தெருவைப் பார்த்து, இன்னொன்று மேற்கே கொல்லையைப் பார்த்து. வீட்டுக்குள்ளிருந்து போக வழி இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. சமையலறையின் தெற்குச் சுவர் கருங்கல்லும் சேற்று மண்ணும் வைத்து எழுப்பிய பழைய சுவர். கூரையின் பாதிப் பாரம் அதன் மேல். பார்க்க வந்த மேஸ்திரி பாகலூர்க்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். சுவரை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பேடா சாமி, பேடா. இந்தக் கோடெய தொட்டா ஊடே கீழ எறங்கிரும். அத உட்டுட்டு வெளிய கதவு இட்டுக்கோ" என்று கையை விரித்துவிட்டார். கோடெ என்றால் சுவர். பேடா என்பது வேண்டாம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்போது ஓசூரிலிருந்து சூளகிரி வரை எல்லாரும் வீட்டோடு ஒட்டி ஒரு அறை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலை வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன்களுக்கு வாடகைக்கு விட. அந்த அறைகளுக்கெல்லாம் தெருப்பக்கம் தனிக்கதவு இருக்கும், வீட்டுக்குள் வழி இருக்காது. தெருக்கதவு வைத்த அறை என்றாலே வாடகை அறை என்று ஊரில் ஆகிப்போயிருந்தது. அப்பாவுக்கு இது உறைக்கவே இல்லை.

ஒரு பகல் நேரம் இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். திருநெல்வேலிப் பக்கம். ஒருவர் கையில் டிரங்குப் பெட்டி, இன்னொருவர் தோளில் படுக்கை. அம்மா கடைக்குப் போயிருந்தார். நானும் அத்தையும் கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, இங்கன ரூம் வாடகைக்கு வருதுன்னு டீக்கடைல சொன்னாவ. தனிவாசலாமே?" என்று அத்தையிடம் கேட்டார் பெட்டிக்காரர்.

"நீங்க நிக்கறது ரூமுக்குள்ளதான்" என்றேன் நான்.

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரையும் பார்த்தார். "ஏல, இது வெறும் கோடுல்லா!" என்று கூட இருந்தவர் சிரித்தார். பெட்டிக்காரர் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் அறை தேடி அலைந்திருப்பார் போலிருக்கிறது. "சுவரு எப்பக்கா வரும்?" என்று கேட்டார். சிமென்ட் வந்தால் வரும் என்றேன். "அதுவரைக்கும் நாலு கம்பு நட்டு மேல தார்ப்பாய் போட்டுக்கிடுதோம். நீங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றார். சொன்னதோடு நில்லாமல், பெட்டியைக் கட்டில் கோட்டுக்குள் சரியாக வைத்தும் பார்த்தார்.

எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கையில் கொத்தமல்லி அப்படியே நின்றிருந்தது. "வாடகைக்கு இல்லீங்க, எங்க அத்தைக்குங்க" என்று நான் சொல்லி அவர்களை அனுப்பினேன். அத்தை அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய துணிமணி ஒரு பையில் ஏறிவிட்டது.

அப்பா முதல் ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். அத்தை பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாப்பா இது?"

"பெங்களூர்ல தைக்கற கம்பெனியில பொம்பளைங்கள சேக்கறாங்களாம். தங்கறதுக்கும் எடம் குடுக்கறாங்களாம். நான் போறேன்."

"என்னாத்துக்கு?"

"என்னாத்துக்குன்னு என்னக் கேக்கறியே! ரோட்ல போறவன் வந்து வாடகைக்கு இருக்கான்னு கேக்கறான். அவனுக்குத் தெரியுது. தெருவுல ஒரு கதவு, கொல்லையில ஒரு கதவு, உள்ள வர்றதுக்கு ஒரு சந்துகூட இல்ல. குடிக்கூலிக்காரிக்குத்தான் அப்பிடிக் கட்டுவாங்க. என்ன வெளிய வெக்கணும்னா வாயத் தொறந்து சொல்லு அண்ணா. இதுக்கு எதுக்கு இத்தினி சுண்ணாம்பு?"

அம்மா ஏதோ சொல்ல வந்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது கோபம் இல்லை.

"ஆலையில ஒரு சட்டம் இருக்குது, பாப்பா. ஒரே கதவு இருக்கற எடத்துல ஆள வெக்கக்கூடாது. ஒண்ணு அடச்சிக்கிச்சின்னா இன்னொண்ணு வழியா ஆளு வெளிய வந்துரணும்" என்றார். பிறகு டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். "பொங்கச் சீரு எடுத்துக்கிட்டு உன் மாமியா வூட்டுக்கு வந்தன்னிக்கு, நீ வெறவு பொறுக்கப் போயிருக்கேன்னு சொன்னாங்க. நான் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பியே இருப்பேன். உள்ள நீ இருமுன. அந்த ரூமுக்கு ஒரே கதவு. வெளிப்பக்கம் பூட்டு. அந்தப் பூட்ட நான் இன்னும் மறக்கல. ஒரே கதவு இருக்கற ரூம்ல உன்ன வெக்க மாட்டேன். அதுக்குத்தான் ரெண்டு. உன்ன வெளிய வெக்கறதுக்கு இல்ல."

அத்தை ஏன் வந்தார் என்று எனக்கும் தம்பிக்கும் அன்றுதான் தெரிந்தது. அத்தை எழுந்து சமையலறைக்குள் போனார். பை மட்டும் கூடத்திலேயே இருந்தது. அப்பா சாப்பிடாமல் போய்த் தோட்டத்துப் பக்கம் நின்றுகொண்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலையில் பல் விளக்கக் கொல்லைக்குப் போன நான்தான் முதலில் பார்த்தேன். வாசலில் வழக்கம்போல அத்தை கோலம் போட்டிருந்தார். அதோடு நிற்கவில்லை. அப்பா போட்ட சுண்ணாம்பு அறைக்குள்ளே, சமையலறையின் பழைய மண் சுவரை ஒட்டி, இன்னொரு கோலம் இருந்தது. கதவே இல்லாத சுவர். அங்கே ஒரு வாசல் இருந்தால் எப்படிப் போடுவாரோ அப்படி, நடுவில் பார்த்துப் புள்ளி வைத்து அழகாகப் போட்டிருந்தார். சாணி தெளித்த ஈரம்கூடக் காயவில்லை. அதுவரை அத்தை அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

நான் கத்திக் கூப்பிட்டேன். அப்பா வந்து பார்த்தார். பனியனோடு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சமையலறைக்குள் அத்தை பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, வழக்கத்தைவிட அதிகமாகவே.

அப்பா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "பாப்பா, இங்கதான் வேணுமா?" என்றார்.

பாத்திரச் சத்தம் நின்றது. "அடுப்புகிட்ட இருந்து ரெண்டு எட்டுல வந்துரலாம்" என்று பதில் வந்தது.

"அப்ப கொல்லைக் கதவ எடுத்துருவேன். தெருக்கதவு இருக்கும். அத எடுக்க மாட்டேன்."

"இருந்துட்டுப் போவட்டும். யாரு அத தொறக்கப் போறா?"

அவ்வளவுதான் பேச்சு. அப்பா வீட்டுக்குள் வந்து, கூடத்தில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு போய்ப் பரண் மேல் வைத்தார்.

சிமென்ட் வந்து அறை எழும்பியது பெரிய கதையில்லை. அந்த மண் சுவரைத் திறந்ததுதான் கதை. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "நா மாட்டேன் சாமி. நாளைக்கி நாலு உசுரு போச்சின்னா என்னத்தான் கேப்பாங்க" என்றார். அப்பா ஹைவேயில் லாரி மெக்கானிக்கிடம் போய் ஜாக்கிகள் வாங்கிவந்தார். கூட வேலை செய்கிற நண்பர்கள் விடுமுறை நாளில் வந்தார்கள். அவர்களில் சிலர் இன்று இங்கே தலை நரைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நினைவிருக்கும். கூரையின் உத்தரத்துக்கு அடியில் குறுக்குமரம் கொடுத்து, அதை ஜாக்கி வைத்துத் தாங்கி, சுவரில் ஒவ்வொரு கல்லாக உருவினார்கள். ஓடு ஒவ்வொரு முறை முனகும்போதும் அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுவார். மேஸ்திரி வேலை செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு, போகவும் மனசில்லாமல், மதியம்வரை தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு, "அய்ய, அப்பிடி இல்ல, கரணைய இங்க குடுங்க!" என்று தானே உள்ளே வந்துவிட்டார்.

சுவரில் ஒரு குடம் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை விழுந்திருக்கும். சமையலறைப் பக்கமிருந்து வளையல் போட்ட ஒரு கை அதன் வழியாக நீண்டது. கையில் மோர் டம்ளர். அப்பா தலையெல்லாம் செம்மண்ணாக நின்றுகொண்டு அதை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, டம்ளரை அதே ஓட்டை வழியாகத் திருப்பிக் கொடுத்தார். "உப்பு கம்மி" என்றார். "போட்டதக் குடி" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் குரல். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக அதற்கு முன் யாரும் சிரித்ததில்லை.

அத்தை அந்த அறைக்குக் குடிபோன அன்றே ஆலையிலிருந்து வந்த ஒரு பெரிய தகர டிரம்மில் கேழ்வரகைக் கொட்டி, அதை இழுத்துக்கொண்டு போய்த் தெருக்கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. நான் படித்து முடித்தேன், எனக்குக் கல்யாணம் ஆனது, தம்பி அப்பாவைப் போலவே ஆலை வேலைக்குப் போனான், அவனுக்கும் கல்யாணம் ஆனது. எவ்வளவு கூட்டம் வந்தாலும் எல்லாரும் சமையலறை வழியாகத்தான் அத்தை அறைக்குப் போனோம். ஓசூர் வளர்ந்து வளர்ந்து சூளகிரி வரை வந்துவிட்டது. எங்கள் தெரு முழுக்கத் தெருக்கதவு அறைகள், எல்லாவற்றிலும் பையன்கள். அத்தை அறையின் தெருக்கதவு மட்டும் மூடியே கிடந்தது. "கதவு யாருக்கோ வெச்ச மாதிரி இருக்குது, அந்த டிரம்ம எடுத்தா என்னா?" என்று அம்மா கேட்டால், "கேவுரு எங்க வெக்கறது?" என்பார் அத்தை.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த டிரம் நகரும். ஆயுத பூஜை. ஆலையில் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, பொரியும் சுண்டலுமாக வீட்டுக்கு வருவார் அப்பா. சைக்கிளுக்கு, அரிவாள்மணைக்கு, தையல் மிஷினுக்கு எல்லாம் சந்தனம் வைத்த பிறகு, எண்ணெய்ச் சொட்டியை எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போவார். டிரம்மை நகர்த்துவார். கதவின் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விடுவார். ஒருமுறை திறப்பார், ஒருமுறை மூடுவார். சந்தனம் வைப்பார். டிரம்மை மறுபடி அதே இடத்துக்குத் தள்ளிவிட்டு வந்துவிடுவார். அத்தை பார்க்காத மாதிரி சுண்டல் தாளித்துக்கொண்டிருப்பார். வருஷம் தவறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் செய்தார். அப்பாவின் நற்குணங்கள் என்று எல்லா மலரிலும் போடுவார்களே, எனக்கு எழுதத் தெரிந்தது இந்த எண்ணெய்ச் சொட்டிதான்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடத்தில் கட்டில் போட்டோம். மல்லாந்து படுத்தால் ஓடுதான் தெரியும். வெளியே கம்பெனி பஸ் போகும் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பப் பார்ப்பார். முடியாது. கண்ணோரத்தில் தண்ணீர் வழியும். நாங்கள் வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில், "கட்டில என் ரூமுக்கு மாத்துங்க" என்றார். தம்பி, "உங்களுக்கு எடம் அத்தை?" என்று கேட்டான். "ஆட்டுக்கல்லு பக்கத்துல எனக்குப் பழக்கம்தான்" என்றார். அப்பாவைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்தினோம். நாங்கள் உதவிக்குப் போகுமுன் அத்தை அந்த டிரம்மைத் தானே நெஞ்சால் முட்டித் தள்ளினார். அந்த வயதில் எங்கிருந்து பலம் வந்ததோ! தாழ்ப்பாளை இழுத்தார். கதவு ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்துகொண்டது.

வெளிச்சம் நேரே கட்டில்மேல் விழுந்தது. ரோடு தெரிந்தது. அத்தை அப்பாவின் காதருகில் குனிந்தார்.

"ஒரே கதவு இருக்கற ரூம்ல உன்ன வெக்க மாட்டேன், அண்ணா" என்றார்.

அப்பாவின் பாதி முகம் சிரித்தது. இன்னொரு பாதிக்குச் சிரிக்க வரவில்லை. ஆனால் அத்தைக்கு அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு இருந்த நாட்களில் அப்பா நிம்மதியாக இருந்தார் என்று நான் தைரியமாகச் சொல்வேன். ஒவ்வொரு ஷிப்டு பஸ்ஸுக்கும் இடது கையைத் தூக்குவார். பழைய டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். சாப்பாடு அடுப்பிலிருந்து இரண்டு எட்டில் வந்துவிடும். ஒரு மத்தியானம், இரண்டாம் ஷிப்டு பஸ் போன கொஞ்ச நேரத்தில், அத்தை வாயில் விட்ட மோர் உள்ளே போகவில்லை. அந்தத் தெருக்கதவு வழியாகத்தான் அப்பாவை எடுத்துக்கொண்டு போனோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆஸ்பத்திரியில் எங்களைவிட அக்கறையாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும் நன்றி. ஹாரன் அடித்த ஒவ்வொரு டிரைவருக்கும் நன்றி. ஜாக்கி தூக்கிய கைகளுக்கும், மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து செய்த மேஸ்திரியின் குடும்பத்துக்கும் நன்றி. அன்று சுவரே இல்லாத அறைக்கு வாடகை கேட்டு வந்த அந்தப் பெட்டிக்காரர், பிறகு எதிர்வீட்டு அறையில் தங்கி, இந்த ஊரிலேயே பெண் கட்டி, எங்களுக்கு அண்ணனாகவே ஆகிவிட்டார். அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். "அண்ணாச்சி போட்ட கோட்ட மிதிச்சவன்லா நான்" என்று சொல்லி அழுதார். அவருக்கு வாயால் நன்றி சொல்வது அழகாக இருக்காது. அம்மாவுக்கும் அப்படித்தான்.

மலரில் அத்தையின் பெயரில் என்ன போடட்டும் என்று கேட்டேன். "என்னா போடுவே? ஒண்ணும் போடாத" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்ட்டுட்டுப் போறவங்கள என் கதவு வழியா போகச் சொல்லு" என்றார்.

அந்த டிரம் இப்போது கொல்லையில் இருக்கிறது. அத்தை தினமும் காலையில் சாணி தெளித்து, சமையலறை வாசலுக்கு ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டு, தெருக்கதவுக்கு முன்னால் பெரிதாக ஒன்று போடுகிறார். இத்தனை வருஷமாக அதற்கு முன்னால் ஒரு புள்ளிகூட வைக்காதவர். இன்று திதி, அதனால் கோலம் இல்லை. கதவு திறந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அந்த வழியாகப் போங்கள்.